இருதயம் வரை செல்லும் குழாய்

மருத்துவமனையில் நோயாளி ஒருவர் கடுமையான நிலையில் இருக்கும்போது, மருத்துவர் அவருடைய உறவினரை அழைத்து, கழுத்து வழியாகக் குழாய் செருக வேண்டும் என்று கூறிக் கையொப்பம் கேட்பதுண்டு. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பம் கலங்கிப் போகிறது. கழுத்தில் குழாய் என்றால் நோயாளி பிழைக்கமாட்டார் என்று எண்ணுவோர் உளர். குழாய் போட்டதனால்தான் உயிர் போயிற்று என்று பின்னர்ப் பழி கூறுவோரும் உளர். இவ்விரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் அறியாமையே. அக்குழாய் யாது, எங்கே செல்கிறது, எதற்காகச் செல்கிறது, அதனால் விளையும் நன்மை தீமைகள் எவை என்பவற்றைத் தெளிந்தவர் அச்சமின்றிக் கேள்வி கேட்பர். காரணம் அறிந்து கையொப்பமிடுவர். அவற்றை முறையே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

மேனாட்டார் இக்கருவியைக் 'கதீட்டர்' என்பர். அச்சொல் கிரேக்க மொழியினின்று வந்தது. 'கீழே செலுத்துவது' என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் சிலர் இதனை 'வடிகுழாய்' என்று வழங்குகின்றனர். சிறுநீர்ப்பையிலிருந்து நீரை வடிக்கும் குழாய்க்கு அப்பெயர் முற்றும் பொருந்தும். ஆனால் இருதயத்தை நோக்கிச் செல்லும் குழாயின் வேலை பெரும்பாலும் வடிப்பதன்று. அது மருந்தையும் உணவையும் உள்ளே செலுத்துகிறது, அழுத்தத்தை அளக்கிறது, அடைப்பை நீக்குகிறது. ஆகவே, செய்யும் வேலையை நோக்காமல் இடும் முறையை நோக்கிச் 'செருகுகுழாய்' எனக் கூறுதல் பொருத்தமாகும்.

இருதயத்திற்கு அருகிலுள்ள பெருஞ்சிரையில் முனை நிற்குமாறு இடப்படுவது நடுச்சிரைச் செருகுகுழாய். இருதயத்தின் அறைகளுக்குள்ளோ, இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் தமனிகளுக்குள்ளோ செலுத்தப்படுவது இருதயச் செருகுகுழாய். இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் பயன் வேறு.

இக்குழாய்களின் பருமனைக் குறிக்கத் தனி அளவு ஒன்று உண்டு. பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்து புகழ்பெற்ற ஷாரியே என்பார் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு அது. 'பிரெஞ்சு' என்பது அதன் பெயர். மூன்று பிரெஞ்சு சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் விட்டம். பெரியவர்களுக்குக் கழுத்தில் இடப்படும் சாதாரணக் குழாய் 7 பிரெஞ்சு, அதாவது இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த பருமனுடையது. கேட்போர் அஞ்சுகிற அளவுக்கு அது பெரிய குழாயன்று.

குருதி செல்லும் வழி

உடலெங்கும் ஓடிப் பயன்பட்டுக் கறுத்த இரத்தத்தை இருதயத்திற்குத் திருப்பிக் கொணர்வன சிரைகள். இருதயத்திலிருந்து நல்லிரத்தத்தை உடலுக்குக் கொண்டு செல்வன தமனிகள். தலை, கழுத்து, கைகள் ஆகியவற்றின் சிரைகள் யாவும் ஒன்று கூடி மேற்பெருஞ்சிரையாகின்றன. கால்கள், வயிறு ஆகியவற்றின் சிரைகள் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கின்றன. இவ்விரு பெருஞ்சிரைகளும் இருதயத்தின் வல மேலறையில் வந்து கலக்கின்றன. அங்கிருந்து இரத்தம் வல கீழறைக்கும், பின்னர் நுரையீரல் தமனிக்கும் சென்று, நுரையீரலில் உயிர்வளியேற்று, இட மேலறைக்கும் இட கீழறைக்கும் வந்து, மீண்டும் உடலுக்குப் பாய்கிறது.

இந்த அமைப்பை மனத்தில் இருத்தினால் ஓர் உண்மை எளிதில் விளங்கும். எந்தச் சிரையில் நுழைந்தாலும், இரத்தம் ஓடும் திசையிலேயே சென்றால் வல இருதயத்தை அடையலாம். எல்லாச் சிற்றோடைகளும் ஆற்றில் சேர்வது போன்றது அது. இட இருதயத்தை அடைய வேண்டுமாயின், தமனியில் நுழைந்து இரத்த ஓட்டத்தை எதிர்த்துச் செல்ல வேண்டும்.

கையிலுள்ள சிரையிலேயே ஊசி போடலாமே, பெருஞ்சிரைக்கு ஏன் செல்ல வேண்டும் என்ற ஐயம் எழலாம். காரணம் இரத்தத்தின் அளவில் இருக்கிறது. புறங்கைச் சிரையில் நிமிடத்திற்குச் சில பத்து மில்லிலிட்டர் இரத்தமே ஓடுகிறது. மேற்பெருஞ்சிரையிலோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர் ஓடுகிறது. ஒரு பிடி உப்பைக் குவளை நீரில் இட்டால் வாயில் வைக்க முடியாது. ஆற்றில் இட்டால் சுவையே தெரியாது. அதுபோலவே, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நாரட்ரினலின், அடர்த்தி மிக்க குளுக்கோஸ், பொட்டாசியம், சிலவகைப் புற்றுநோய் மருந்துகள் ஆகியவை சிறு சிரையில் சென்றால் அதன் சுவரைப் புண்படுத்தும். வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகிப் போதலும் உண்டு. பெருஞ்சிரையில் அவை நொடியில் கரைந்து நீர்த்துவிடுகின்றன.

குதிரை முதல் மனிதன் வரை

இரத்தக் குழாய்க்குள் மற்றொரு குழாயைச் செலுத்தி அளவெடுத்த முதல்வர்களுள் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஒருவர். அவர் ஒரு பெண்குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயரம் எழுந்து நின்றது. 1733-ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். பின்னர் 1844-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட், குதிரையின் கழுத்துக் குழல்கள் வழியாக இருதயத்தின் இரு பக்கங்களுக்கும் வெப்பமானியைச் செலுத்தி, அங்குள்ள இரத்தத்தின் வெம்மையை ஒப்பிட்டறிந்தார்.

விலங்குகளுக்குச் செய்ததை மனிதருக்குச் செய்ய எவரும் துணியவில்லை. இருதயத்தைத் தொட்டால் அது நின்றுவிடும் என்ற அச்சமே காரணம். அவ்வச்சத்தை உடைத்தவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இளைஞர். 1929-ஆம் ஆண்டில் பெர்லினுக்கு அண்மையிலுள்ள எபர்ஸ்வால்டு என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் அவர் பயிற்சி மருத்துவராக இருந்தார். கைச்சிரை வழியாக இருதயத்தை அடையலாம் என்பது அவர் கருத்து. மேலதிகாரி இசைவு தரவில்லை. எனவே தம் உடலையே ஆய்வுக்களமாக்கினார்.

கருவிகளின் பொறுப்பிலிருந்த கெர்டா டிட்சன் என்னும் தாதி, அச்சோதனையைத் தமக்கே செய்யுமாறு முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் கிடத்திக் கட்டிவிட்டு, அவர் அறியாமல் தம் இடக்கையின் சிரையைத் திறந்து, சிறுநீர்க் குழலுக்குரிய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார். பின்னர்த் தாதியை அவிழ்த்துவிட்டுக் கையில் தொங்கும் குழாயோடு படியிறங்கி எக்ஸ்-ரே அறைக்கு நடந்து சென்றார். திரையில் தெரிந்த நிழலைக் கண்ணாடியில் பார்த்தவாறே குழாயை மேலும் தள்ளினார். 65 சென்டிமீட்டர் உள்ளே சென்றபோது முனை வல மேலறையில் நின்றது. எக்ஸ்-ரே படமும் எடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை 25 கூட நிரம்பவில்லை, அல்லது அப்பொழுதுதான் நிரம்பிக்கொண்டிருந்தது.

அவர் இதனை வீரச்செயலாக மட்டும் செய்யவில்லை. உயிருக்குப் போராடும் நோயாளியின் இருதயத்தில் மருந்தை விரைவில் சேர்ப்பதே அவர் நோக்கம். வயிற்றறை முழுவதும் நஞ்சேறிச் சாகும் நிலையிலிருந்த பெண்மணி ஒருவருக்கு அவ்வாறு குழாய் வழியே மருந்து செலுத்தினார். நோயாளி சிறிது தேறினார்; ஆயினும் பிழைக்கவில்லை. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நாள்தோறும் நடைபெறும் செயலின் தொடக்கம் அதுவேயாகும்.

அக்கால மருத்துவ உலகம் ஃபோர்ஸ்மனைப் பாராட்டவில்லை. அவர் இருதயத் துறையை விட்டுச் சிறுநீரகத் துறைக்குச் சென்றார். ஆனால் அவர் எழுதிய கட்டுரையைப் படித்த இருவர், நியூயார்க்கிலுள்ள பெல்வியூ மருத்துவமனையைச் சார்ந்த ஆந்திரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோர், 1940-களில் அம்முறையைச் செம்மைப்படுத்தினர். இருதய அறைகளின் அழுத்தத்தையும், அது வெளியேற்றும் இரத்தத்தின் அளவையும் நோயாளிகளிடத்தே அளந்து காட்டினர். 1956-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒதுக்கப்பட்டவர் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து ஏற்கப்பட்டார்.

செருகும் முறை

ஃபோர்ஸ்மன் காலத்தில் தோலைக் கீறிச் சிரையைத் திறந்தே குழாயைச் செருகினர். இன்றைய எளிய முறையை 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் சுவீடன் நாட்டு எக்ஸ்-ரே மருத்துவர் ஸ்வென் செல்டிங்கர். ஊசி, கம்பி, குழாய் என்ற மூன்றே சொற்களில் அம்முறையைக் கூறிவிடலாம். முதலில் மெல்லிய ஊசியால் சிரையைத் துளைப்பர். ஊசியின் துளை வழியாக வளையும் கம்பி ஒன்றை உள்ளே விடுவர். ஊசியை உருவிவிட்டுக் கம்பியை மட்டும் நிறுத்துவர். பிறகு கம்பியின் மீது குழாயைக் கோத்து உள்ளே தள்ளிக் கம்பியை எடுத்துவிடுவர். துளை சிறிது, குழாயோ ஊசியினும் பெரிது. இதுவே அம்முறையின் நுட்பம்.

பெருஞ்சிரையை அடைய மூன்று வாயில்கள் சிறந்தவை. கழுத்தின் உட்சிரை ஒன்று. காறையெலும்பின் கீழுள்ள சிரை மற்றொன்று. தொடையின் மேற்பகுதியிலுள்ள சிரை மூன்றாவது. வலப்பக்கத்துக் கழுத்துச் சிரை வளைவின்றி நேரே மேற்பெருஞ்சிரையில் இறங்குவதால் அதனையே பலரும் விரும்புவர். காறையெலும்பின் கீழிடும் குழாயில் கிருமித் தொல்லை குறைவு. ஆனால் ஊசி நுரையீரல் உறையைத் துளைத்துவிடும் ஆபத்து மிகுதி. தொடைவழி விரைவானது, ஆனால் அவ்விடத்தைத் தூய்மையாக வைத்திருப்பது கடினம்.

முன்னாளில் எலும்பையும் தசையையும் தடவிப் பார்த்துச் சிரை இருக்குமிடத்தை ஊகித்தனர். இப்போது கேளா ஒலியலைக் கருவியின் திரையில் சிரையையும் தமனியையும் கண்ணால் கண்டே துளைக்கின்றனர். 2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைக் கழகம் கழுத்துச் சிரைக்கு இம்முறையைப் பரிந்துரைத்தது. குழாய் இட்ட பின்னர் எக்ஸ்-ரே எடுத்து, முனை உரிய இடத்தில் நிற்கிறதா, நுரையீரலுக்கு ஊறு நேர்ந்ததா என்று பார்ப்பது வழக்கம்.

நடுச்சிரைக் குழாயின் வகைகள்

எத்தனை நாள் வேண்டும், எதற்காக வேண்டும் என்னும் இரண்டு கேள்விகளே வகையைத் தீர்மானிக்கின்றன. அவ்வகையில் ஐந்து பிரிவுகளைக் கூறலாம்.

முதலாவது, குறுகிய காலக் குழாய். தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்திலோ காறையெலும்பின் கீழோ இடப்படுவது இதுவே. வெளியே ஒரே குழாயாகத் தோன்றினும் உள்ளே இரண்டு, மூன்று அல்லது நான்கு தனித்தனி வழிகள் உள்ளன. ஒன்றோடொன்று கலக்கக்கூடாத மருந்துகளை ஒரே நேரத்தில் செலுத்த அது உதவும். சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரை இதனை வைத்திருப்பர்.

இரண்டாவது, கைவழிக் குழாய். முழங்கைக்கு மேலுள்ள சிரையில் நுழைந்து மேற்பெருஞ்சிரை வரை செல்லும் நீண்ட, மென்மையான குழாய் இது. பல வாரங்களுக்கு நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து ஏற்ற வேண்டியவர்களுக்கு ஏற்றது. நோயாளி வீட்டிலிருந்தே மருந்து பெறலாம். எனினும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இதனைத் தவிர்ப்பர். பிற்காலத்தில் இரத்தச் சுத்திகரிப்புக்குத் தேவைப்படும் கைச்சிரைகள் கெட்டுவிடக் கூடும் என்பதே காரணம்.

மூன்றாவது, சுரங்கவழிக் குழாய். சிரையில் நுழையுமிடம் கழுத்தாயினும், தோலுக்கு அடியில் சில அங்குலம் சுரங்கம்போல் சென்று மார்பில் வெளிவருவது இது. தோலுக்கடியில் அமையும் பகுதியில் டேக்ரான் நூலால் ஆன சிறு வளையம் இருக்கும். சில வாரங்களில் உடலின் இழைகள் அவ்வளையத்துள் வளர்ந்து பற்றிக்கொள்கின்றன. குழாய் நழுவாமல் காப்பதும், தோலிலிருந்து கிருமி ஊர்ந்து செல்லாமல் தடுப்பதும் அவ்வளையமே. 1973-ஆம் ஆண்டில் புரோவியாக் என்பாரும், 1979-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரத்து ஹிக்மன் என்பாரும் வெளியிட்ட குழாய்கள் அவர்கள் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. எலும்பு மச்சை மாற்றம் பெறுவோருக்கும், குடல் செயலிழந்து சிரைவழி உணவையே நம்பி வாழ்வோருக்கும் இவை மாதக்கணக்கில் உதவுகின்றன.

சிரைவழி உணவு என்பதும் இக்குழாயின் கொடைகளுள் ஒன்று. 1960-களில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்னும் அறுவை மருத்துவர், பீகிள் இன நாய்க்குட்டிகளுக்கு வாய்வழி ஏதும் கொடாமல், பெருஞ்சிரை வழியாக மட்டுமே உணவூட்டி வளர்த்தார். அவை மற்றக் குட்டிகளைப் போலவே வளர்ந்தன. பின்னர்க் குடலின் பெரும்பகுதியை இழந்து பிறந்த குழந்தை ஒன்றுக்கும் அவ்வாறே உணவளிக்கப்பட்டு, அதுவும் வளர்ந்தது. 1968-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியானது.

நான்காவது, தோலடிப் பெட்டகம். 'போர்ட்' என்று மருத்துவர் கூறுவது இதனையே. சிறிய நாணயம் அளவுள்ள பெட்டகம் மார்புத் தோலுக்கடியில் புதைக்கப்படும். அதன் மூடி சிலிக்கோன் என்னும் மீள்பொருளால் ஆனது. பெட்டகத்திலிருந்து குழாய் பெருஞ்சிரைக்குச் செல்கிறது. மருந்து வேண்டும்போது அதற்கென அமைந்த ஊசியால் தோல் வழியாக மூடியைத் துளைப்பர். ஊசியை எடுத்ததும் மூடி தானே மூடிக்கொள்ளும். வெளியே எதுவும் தொங்காமையால் நோயாளி குளிக்கலாம், நீந்தலாம், வேலைக்குச் செல்லலாம். பல மாதங்களுக்கு விட்டுவிட்டுப் புற்றுநோய் மருந்து பெறுவோருக்கு இது பேருதவி.

ஐந்தாவது, இரத்தச் சுத்திகரிப்புக் குழாய். சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை வெளியே எடுத்துப் பொறியில் சுத்தம் செய்து திரும்பச் செலுத்த, நிமிடத்திற்கு 300 மில்லிலிட்டர் அளவு ஓட்டம் வேண்டும். அதற்காகப் பருமன் மிக்க, இரட்டை வழியுள்ள குழாயை இடுவர். ஒரு வழி இரத்தத்தை எடுக்கும். மற்றொன்று திருப்பித் தரும். 1961-ஆம் ஆண்டில் இலண்டனில் ஸ்டான்லி ஷால்டன் தொடைச் சிரையில் குழாயிட்டு இம்முறைக்கு வழி வகுத்தார். நெடுநாள் சுத்திகரிப்புக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் இணைப்பே சிறந்தது. அது முதிரும் வரை குழாய் பாலமாக நிற்கிறது. பாலத்தையே வீடாகக் கொள்ளலாகாது என்பதை நோயாளிகள் உணர்தல் வேண்டும். குழாயிலேயே காலம் கடத்துவோருக்குக் கிருமித் தொல்லை மிகுதி.

சிரையழுத்தம் கூறுவதும் கூறாததும்

நடுச்சிரைக் குழாயினால் மருந்தேற்றுவதோடு, பெருஞ்சிரையின் அழுத்தத்தையும் அளக்கலாம். அது பாதரச அளவில் ஏறத்தாழ 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. குறைந்தால் உடலில் இரத்தமோ நீரோ குறைந்தது என்றும், மிகுந்தால் வல இருதயம் தளர்ந்தது என்றும் நெடுங்காலம் கருதினர். அதனைக் கொண்டே நீர் ஏற்றுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்தனர்.

2008-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு அந்நம்பிக்கையை அசைத்தது. பல ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தபோது, நீரேற்றினால் இருதயம் கூடுதலாக இரத்தம் இறைக்குமா என்பதை அவ்வெண் முன்கூட்டிக் கூறவில்லை. இரத்தத்தின் அளவை அவ்வெண் சரியாகக் காட்டியதாக அவ்வறிஞர்கள் கண்ட ஒரே ஆய்வு, விழித்து நின்றிருந்த ஏழு பெண்குதிரைகளிடத்தே செய்யப்பட்டதாகும். ஹேல்ஸ் பாதிரியாரின் குதிரைக்கும் இக்குதிரைகளுக்கும் இடையே ஏறத்தாழ 275 ஆண்டுகள் கழிந்திருந்தன. இப்போது அவ்வெண்ணை மட்டும் நம்பாமல், நோயாளியின் ஏனைய குறிகளோடு சேர்த்தே மருத்துவர் எண்ணுகின்றனர்.

இருதயத்துள் செல்லும் குழாய்கள்

வல இருதயக் குழாய்களுள் புகழ்பெற்றது பலூன் முனைக் குழாய். 1970-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் ஆகிய இருவரும் இதனை வெளியிட்டனர். கடலில் பாய்விரித்துச் செல்லும் படகுகளைக் கண்டபோது இக்கருத்துத் தோன்றியதாக ஸ்வான் கூறியுள்ளார். காற்று பாயைத் தள்ளுவதுபோல் இரத்த ஓட்டமே பலூனைத் தள்ளிச் செல்லும் என்பது கருத்து. குழாயின் முனையில் ஒன்றரை மில்லிலிட்டர் காற்று கொள்ளும் சிறு பலூன் உண்டு. அது வல மேலறையில் விரிந்து, கீழறை வழியாக மிதந்து, நுரையீரல் தமனியின் கிளையொன்றில் சென்று அடைத்து நிற்கும்.

அடைத்து நிற்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பலூனுக்கு அப்பால் இரத்தம் ஓடாமல் நிற்கிறது. நுரையீரலின் நுண்குழல்களுக்கும் இட மேலறைக்கும் இடையே வால்வு எதுவும் இல்லை. ஆகவே, குழாயின் முனை உணரும் அழுத்தம் இட மேலறையின் அழுத்தத்தையே ஏறத்தாழக் காட்டும். வல இருதயத்தின் வழியே சென்று இட இருதயத்தின் நிலையை அறிய முடிகிறது. மேலும், குளிர்ந்த நீரை வல மேலறையில் செலுத்தி, முனையிலுள்ள வெப்பவுணரி எவ்வளவு விரைவில் குளிர்ச்சியை உணர்ந்து மீள்கிறது என்பதைக் கொண்டு, இருதயம் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் இரத்தம் இறைக்கிறது என்றும் கணக்கிடலாம். ஓய்விலிருக்கும் பெரியவருக்கு அது 5 லிட்டர் அளவில் இருக்கும்.

இட இருதயக் குழாய்களோ மணிக்கட்டு அல்லது தொடைத் தமனியில் நுழைபவை. இருதயத் தமனிகளில் நேரே சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறை ஒரு தற்செயலில் பிறந்தது. 1958-ஆம் ஆண்டு அக்டோபரில் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்பார் பெருந்தமனியில் சாயம் செலுத்துகையில், குழாயின் முனை வல இருதயத் தமனிக்குள் நழுவியிருந்தது. நோயாளியின் இருதயம் சில நொடி நின்றது. இருமச் சொன்னதும் மீண்டும் துடித்தது. கேடு நேரவில்லை, படமோ தெளிவாக அமைந்தது. குறைந்த அளவு சாயத்தைக் கொண்டு அதனையே முறையாகச் செய்யலாம் என்று அவர் கண்டார்.

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் சூரிச் நகரில் ஆந்திரேயாஸ் கிரூன்சிக், பலூன் குழாயை இருதயத் தமனிக்குள் செலுத்தி, அடைப்புள்ள இடத்தில் விரித்து வழி திறந்தார். நோயாளி விழித்திருந்தார், மார்பு கீறப்படவில்லை. 1986-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தூலூசு நகரில், திறந்த வழி மீண்டும் மூடாதிருக்க 'ஸ்டென்ட்' என்னும் வலைக்குழல் முதன்முறையாக மனித இருதயத் தமனியில் இடப்பட்டது. கோலாலம்பூரில் 1992-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்தில் இத்தகைய சிகிச்சைகள் நடைபெற்று வருகின்றன.

இன்னும் பல பயன்கள் உண்டு. இருதயத் துடிப்பு மிகக் குறைந்தவருக்குச் சிரைவழியே மின்கம்பியைக் கீழறைக்குச் செலுத்தித் துடிக்கச் செய்யலாம் என்று 1958-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் காட்டினார். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்து, உடல் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளுக்கு, மேலறைகளின் நடுச்சுவரைப் பலூனால் கிழித்து இரத்தம் கலக்க வழி செய்யும் முறையை 1966-ஆம் ஆண்டில் வில்லியம் ராஷ்கைண்ட் வெளியிட்டார். தாறுமாறான துடிப்புக்குக் காரணமான சிறு தசைப்பகுதியைக் குழாய் முனையின் வெப்பத்தால் சுட்டு அடக்கும் முறையும் உண்டு. 2002-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அலென் கிரிபியே, சுருங்கிப்போன இருதய வால்வுக்கு மாற்றாகப் புதிய வால்வையே குழாய் வழியாகக் கொண்டு சென்று பொருத்தினார்.

அளப்பது வேறு, குணப்படுத்துவது வேறு

ஸ்வான், கான்ஸ் ஆகியோரின் குழாய் உலகெங்கும் பரவியது. அது தரும் எண்கள் மிகுதி. எண்கள் மிகுந்தால் சிகிச்சையும் சிறக்கும் என்று எவரும் எண்ணுவர். ஆனால் 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐந்து மருத்துவமனைகளில் 5,735 நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வு, அக்குழாய் இடப்பட்டோரிடையே இறப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. நோய் முற்றியவர்களுக்கே குழாய் இடப்பட்டிருக்கலாம் அன்றோ என்று சிலர் வினவினர். அதனைத் தீர்க்க இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆய்ந்தனர். 2005-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. குழாய் இட்டோர்க்கும் இடாதோர்க்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழாய் கொல்லவுமில்லை, காக்கவுமில்லை.

கருவி பழுதானதன்று, அது கூறிய எண்கள் உண்மையானவை. ஆனால் எண்ணை அறிந்த பின் செய்யத்தக்க நல்ல சிகிச்சை இருந்தாலன்றி, அறிவு மட்டும் நோயை மாற்றாது. மாணவனின் மதிப்பெண்ணை நாள்தோறும் எடுத்தெழுதுவதால் மட்டும் அவன் கற்றுவிடுவதில்லை அன்றோ? அதன்பின் அக்குழாயின் வழக்கம் பெரிதும் சுருங்கியது. நுரையீரல் தமனி அழுத்த நோய், இருதய மாற்று, கடுமையான இருதயத் தளர்ச்சி போன்ற சில நிலைகளில் இன்றும் அது பயன்படுகிறது.

தீங்கும் காப்பும்

செருகுகுழாயின் தீமைகளை மறைத்தல் அறமன்று. செருகும்போது ஊசி தவறித் தமனியைத் துளைக்கலாம். நுரையீரல் உறையைத் துளைத்தால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கலாம். கம்பி இருதயச் சுவரைத் தொட்டுத் துடிப்பைக் குலைக்கலாம். பின்னர்க் குழாயைச் சுற்றி இரத்தம் உறையலாம். நோயாளி நிமிர்ந்து மூச்சை உள்ளிழுக்கும்போது கழுத்துச் சிரையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் குறைவதால், திறந்த குழாய் வழியே காற்று உள்ளே ஈர்க்கப்படலாம். கழுத்துக் குழாயை இடும்போதும் எடுக்கும்போதும் நோயாளியைத் தலை தாழப் படுக்க வைப்பது அதனால்தான்.

எல்லாவற்றினும் பெரிய பகை கிருமியே. தோலிலிருந்தும், குழாயின் வெளிவாயிலிருந்தும் கிருமிகள் உட்புகுந்து இரத்தத்தில் கலக்கின்றன. இதனைத் தடுக்கப் புதிய பொறி எதுவும் வேண்டியதில்லை என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரோனோவோஸ்ட் தலைமையில் நடந்த முயற்சி காட்டியது. அங்குள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்தே செயல்களைத் தவறாது செய்தன. கைகளைக் கழுவுதல், குழாய் இடும்போது உடல் முழுதும் மூடும் தூய துணி, கையுறை, முகமூடி ஆகியவற்றை அணிதல், குளோர்ஹெக்சிடின் மருந்தால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைவழியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்துவிடுதல். விதி மீறப்பட்டால் மருத்துவரையும் நிறுத்தும் உரிமை தாதியருக்கு வழங்கப்பட்டது.

2006-ஆம் ஆண்டில் அதன் விளைவு வெளியாயிற்று. 103 பிரிவுகளின் கணக்கில், 18 மாதங்களில் இரத்தக் கிருமித் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்திருந்தது. தொடக்கத்தில் ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த நடுமதிப்பு, மூன்று மாதங்களில் சுழியமாயிற்று. ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருப்பதே ஒரு குழாய் நாள் எனக் கொள்க.

உறவினர் அறிய வேண்டுவன

குழாயோடு வீடு திரும்புவோர் கட்டு நனையாமலும் அழுக்குறாமலும் காத்தல் வேண்டும். குழாயைத் தொடுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். மூடியைத் தாமே திறக்கலாகாது. அருகில் கத்தரிக்கோல் பயன்படுத்தலாகாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், குழாய் நுழையுமிடத்தில் சிவப்பு, சீழ், வலி, கை அல்லது கழுத்து வீக்கம் ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். குறிப்பாகச் சுத்திகரிப்பு முடிந்து வீடு திரும்பிய பின் எழும் நடுக்கத்தைச் சாதாரணக் காய்ச்சலென விட்டுவிடுதல் உயிருக்குக் கேடாகும். குழாய் தவறி வெளியே வந்துவிட்டால், தூய துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்து, நோயாளியைப் படுக்கவைத்து, உதவிக்கு ஆள் அழைத்தல் வேண்டும்.

மருத்துவமனையில் இருப்போரின் உறவினர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எந்த வகைக் குழாய்? எதற்காக? எத்தனை நாளுக்கு? இன்றும் அது வேண்டுமா? இவற்றுள் நான்காவது கேள்வி நாள்தோறும் கேட்கத்தக்கது. வேண்டாத குழாய் ஒரு நாள் கூடுதலாக இருப்பினும் அது கிருமிக்குத் திறந்த வாயிலாகும். பணிவோடு கேட்கப்படும் இக்கேள்வியை நல்ல மருத்துவர் எவரும் குறையாகக் கொள்ளார். மிச்சிகனில் தாதியருக்கு அளிக்கப்பட்ட உரிமையும் இக்கேள்வியின் மற்றொரு வடிவமே.